கள்ளிமேடு, சைஸ் எஸ்

ஊர் உண்டான பிறகு பெயர்ப் பலகை வைப்பது உலக வழக்கம். பலகையை முதலில் நட்டுவிட்டு, அதன் அடியில் உட்கார்ந்து ஊருக்காகக் காத்திருந்தவர் எனக்குத் தெரிந்து லேபிள்காரர் ஒருவர்தான். பனியன் கழுத்தில் தைக்கிற லேபிளைக் காதர்பேட்டையில் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். சொந்தப் பெயரைக் கேட்டால், "அது எதுக்குங்க இப்ப?" என்று சிரித்துவிடுவார்.

அவிநாசிபாளையம் தாண்டி, தாராபுரம் ரோட்டோரத்தில் அவருக்குக் கொஞ்சம் மேட்டாங்காடு இருந்தது. கள்ளியும் வெயிலும் மட்டும் விளைகிற பூமி. அதைச் சைட் பிரித்து, ரோட்டைப் பார்த்துப் பலகை நட்டார். மேலே 'கள்ளிமேடு'. கீழே சிவப்பில், ஆள் உயரத்துக்கு, ஆங்கில எஸ் எழுத்து.

நானும் என் மனைவியும் நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சைட் பார்க்கப் போன இடத்தில் அவள் கேட்டுவிட்டாள்: "ஊருக்கு எதுக்கு அண்ணாச்சி சைசு?"

"சைஸு போடாத லேபிளு உண்டுங்களா அம்மிணி? இப்போதைக்கு நான் ஒருத்தந்தான், அதனால எஸ்ஸு. நீங்க குடி வந்தீங்கன்னா எம்மு போட்டுருவனுங்க."

ஓர் எழுத்துக்கு ஆசைப்பட்டு வீடு கட்டியவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அதற்கும் மனிதர் ஒரு நிபந்தனை போட்டார். வாங்கிச் சும்மா போட்டு வைக்கிறவருக்குச் சைட் கிடையாது, அடுப்புப் பற்ற வைக்கிறவருக்குத்தான். பால் காய்ச்சிய அன்றைக்கே ஏணியில் ஏறி எம் எழுதினார்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. கள்ளிமேட்டில் பஸ் நிற்காது. என் மனைவி அவிநாசிபாளையம் வரை வெயிலில் நடந்துபோய் பஸ் பிடித்துப் பனியன் கம்பெனிக்குப் போனாள். பின்னால் வந்த ஆறு குடும்பங்களுக்கும் அதே நடை. "இந்த மாசத்துக்குள்ள பஸ்சு நிக்கலைன்னா நான் ஊரப் பாக்கப் போயிருவேன்" என்றாள் அவள். மற்றவர்களும் மூட்டை கட்டத் தயாராகத்தான் இருந்தார்கள்.

லேபிள்காரர் தினமும் பஸ் ஏறிப்போய் கண்டக்டரிடம் மல்லுக்கட்டினார்.

"அங்க ஊரே இல்லீங்களே. ஊரு வந்தாத்தானுங்க பஸ்ஸு நிக்கும்."

"பஸ்ஸு நின்னாத்தானுங்க ஊரு வரும்!"

"நீங்க மொதல்ல எறங்குங்க."

"எறங்க மாட்டனுங்க."

கொங்குநாட்டில் அடிதடிக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

மாசக் கடைசியில் மனிதர் எம் எழுத்தை அழித்துவிட்டு எல் எழுதினார். அவர் வீட்டையும் சேர்த்து எட்டு வீட்டுக்கு எல் சைஸா என்று கேட்டேன். "தொவைச்சா சுருங்குமுங்க. ஒரு சைஸு கூடப் போட்டாத்தான் நிக்கும்" என்றார். ஊர் சுருங்கப் போகிறது என்று அவருக்கும் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் நடைக்குக் கிளம்பி நிற்கிறோம். தாராபுரத்திலிருந்து வந்த பஸ் பலகையைக் கண்டதும் கிறீச்சென்று பிரேக் போட்டது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, இங்க டிரைவிங் ஸ்கூலு ஏதாச்சும் வந்துருச்சுங்களா? சேப்புல எல் போர்டு மாட்டியிருக்குது?"

லேபிள்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமாங்க. இப்பத்தான் ஊரு நடத்தப் பழகறோமுங்க."

அவர் பேசி முடிப்பதற்குள் என் மனைவி படியில் ஏறிவிட்டாள். அவள் பின்னால் ஊரே ஏறியது. அன்று முதல் எல் எழுத்தைக் கண்டு பஸ் மெதுவாகப் போனது. மெதுவாகப் போன பஸ் ஒருநாள் நின்றது. பிறகு கண்டக்டரே, "கள்ளிமேடெல்லாம் எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார்.

அப்புறம் டீக்கடை வந்தது, வடநாட்டுப் பையன்களின் பானிபூரி வண்டி வந்தது, பலகையில் எக்ஸெல் வந்தது. ஊர்க்கூட்டம் போட்டு, இனி இது 'லேபிள்காரர் நகர்' என்று முடிவு செய்தோம். அவர் முகம் சுண்டிப் போனது.

"லேபிளு அடிக்கறவம் பேரு லேபிள்ல வருமுங்களா? என்னங்க நாயம் இது?"

மறுவாரம் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. மொபெட்டில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு போனார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். சொல்லாமல் போனதில் எனக்கு அவர் மேல் வருஷக்கணக்கில் கோபம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளகோவில் தாண்டிப் பஸ்ஸில் போனோம். வெறும் பொட்டலில் ஒரு பலகை. ஊர்ப் பெயரைப் படிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. சிவப்பு எஸ் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நிறுத்தச் சொன்னேன். "இங்க ஸ்டாப் இல்லீங்க, ஊரே இல்லீங்களே" என்றார் கண்டக்டர்.

"நின்னாத்தானுங்க வரும்" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

என் மனைவி அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி ஒத்தையில கெடக்காவ. எறங்குங்க, போயி எம்மு ஆக்கிட்டு வருவோம்."