மிஸ்பாஹ் வாத்தியார் வீட்டுக் காபி

ருலாவின் விலை ஒரே ஓர் ஆங்கில வாக்கியம்.

அவளுடைய அப்பா மிஸ்பாஹ் வாத்தியார் அப்படித்தான் அறிவித்தார். அரபு நாட்டு ஸல்த் நகரத்தில், தன் வீட்டுக் கூடத்தில், பெண் கேட்டு வந்து உட்கார்ந்திருந்த முப்பது ஆண்களின் முன்னால்.

"நகை பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல மாப்பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்."

மாப்பிள்ளை துணிக்கடை ஹாஸிம். ருலாவுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவன். பள்ளிக்கூடத்தில் இதே வாத்தியாரிடம்தான் ஆங்கிலத்தில் கோட்டை விட்டவன். அவர் தொண்டையைச் செருமினால் இன்றைக்கும் அவன் கால்கள் தானாக எழுந்து நிற்கப் பார்க்கும்.

கூட்டத்துக்குத் தலைவர் அவன் பெரியப்பா அபூ ஸாஹிர். அவருக்கு முன்னால் முக்காலியில் காபிக் கிண்ணம் இருந்தது. "பெண்ணைக் கொடுத்தேன்" என்ற சொல் வரும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள், எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். குடிக்காமல் எழுந்து போனால், ஹாஸிம் கடையில் துணி வாங்க வருகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

"ஒருத்தன் வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டு வாசல்ல நிக்கிறான்," என்றார் வாத்தியார். "இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்? 'தொலைத்தான்'னு சிம்பிள் பாஸ்ட்டா? 'தொலைத்திருக்கிறான்'னு பிரசென்ட் பர்ஃபெக்ட்டா?"

அரபியில் இரண்டுக்கும் ஒரே வினைதான். இங்கிலீஷ்காரன் ஏன் போன விஷயத்தை இரண்டாகப் பிரித்து வைத்தான் என்று ஹாஸிமுக்கு அழுகை வந்தது.

"சிம்பிள் பாஸ்ட், உஸ்தாத்."

"அப்போ சாவி கிடைச்சிடுச்சா? உள்ள போய்ப் படுத்துட்டானா?"

"இல்ல, இல்ல. பிரசென்ட் பர்ஃபெக்ட்."

"நேத்து தொலைச்சான்னு சேர்த்துச் சொன்னா?"

"அப்போ... சிம்பிள் பாஸ்ட்."

"அவன் இன்னும் வாசல்லதானே நிக்கிறான், தம்பி?"

வாத்தியார் சமையலறைக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவசரமே இல்ல, நிதானமா யோசி," என்றார். பின்னாலிருந்து ஒரு சித்தப்பா "முதல்ல சொன்னதுதான்" என்று கிசுகிசுத்தார். இன்னொருவர் "ரெண்டாவது" என்றார். பின்வரிசையில் அதற்காகவே ஒரு சின்னச் சண்டை கிளம்பியது.

அபூ ஸாஹிர் மூன்று தலைமுறை வியாபாரி. பேரம் பேசத் தெரியாத இடம் அவருக்கு உலகத்தில் கிடையாது.

"உஸ்தாத், உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். பாதி அது, பாதி இதுன்னு வெச்சு முடிச்சுக்கலாமே."

"இலக்கணத்துல தள்ளுபடி கிடையாது, அபூ ஸாஹிர்."

"அப்போ எங்களுக்கு இங்க வேலையும் கிடையாது."

பெரியப்பா மேலங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கூடவே முப்பது பேரின் நாற்காலிகளும் நகர்ந்தன. ஹாஸிமுக்குக் கண் இருட்டியது. நாக்கு செருப்புத்தோலாகக் காய்ந்துபோயிருந்தது. பெரியப்பாவுக்கு முன்னால் ஒரு கிண்ணம் தெரிந்தது. எடுத்தான், அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்தான், உதட்டைத் துடைத்தான். பயத்தில் ருசிகூடத் தெரியவில்லை.

என்ன காரியம் செய்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால், வாத்தியாரின் முகம் அவன் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"காபி... ரொம்ப நல்லா இருக்கு, உஸ்தாத்," என்றான், வேறு சொல்ல எதுவும் இல்லாமல்.

வாத்தியார் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார். "கொடுத்தேன். கொடுத்திருக்கிறேன். எந்தக் காலமா வேணா வெச்சுக்கோ, பெண்ணைக் கொடுத்தாச்சு."

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா, தன் பேரம்தான் படிந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சற்றுப் பொறுத்து, ருலாவின் தாய்மாமன் நாயிஃப் ஆவி பறக்கும் காபிக் கூஜாவோடு வந்து ஹாஸிம் பக்கத்தில் குனிந்தார்.

"முதல் கூஜாவைப் பூனை தட்டி விட்டுடுச்சு, மாப்பிள்ளை. எப்படியும் உடனே குடிக்க மாட்டீங்களேன்னு வெறும் கிண்ணத்தை வெச்சோம். இது கொதிக்கிற வரைக்கும் ஓட்டத்தான் மச்சான் இங்கிலீஷை எடுத்தார். பொண்ணு கொடுத்தாச்சு, வீட்டு மானத்தை நீங்க காப்பாத்தியாச்சு. எங்க பக்கம் பாக்கி ஒரு கிண்ணம் காபிதான். பிடிங்க."