தக்காளி அரசி என்னை உட்கார வைத்த முக்காலி

பெருமதிப்புக்குரிய அஜெகும் மாமா அவர்களுக்கு,

குமாசியிலிருந்து உங்கள் மருமகன் பாஃபூர் பயபக்தியுடன் எழுதுவது. பக்தி பாதி, பயம் முக்கால். நீங்களும் அத்தையும் நலம்தானே? நானும் இன்று காலை வரை நலமாகத்தான் இருந்தேன்.

புதுச் சந்தையை வரைந்தது நான்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இரட்டைக் கூரை, நடுவே சூடு வெளியேற இடைவெளி, சுவரின் மேல்பாதி முழுக்கக் காற்றுக்கு ஓட்டைச் செங்கல். நின்றால் முகத்தில் ஜிலுஜிலுவென்று அடிக்கும். ஒரு வருடமாக நான் நின்றுதான் பார்த்தேன், மாமா. விற்கிற பெண்கள் முக்காலியில் உட்காருவார்கள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கருவாடும் துணியும் போன வாரமே குடிவந்துவிட்டன. இங்கே சரக்குக்குச் சரக்கு விற்கிற பெண்களுக்குத் தலைவியாக ஓர் அரசி, அவர் சொல்தான் சட்டம். இன்று தக்காளி அரசி சர்போமா நாற்பது பெண்களோடு வந்து, முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"படம் போட்டது நீதானாப்பா?"

"ஆமாங்கம்மா."

"நல்லாத்தான் போட்டிருக்க. ஒட்டகச்சிவிங்கி கடை வச்சா சௌகரியமா இருக்கும். இப்படி உக்காரு. இந்தா ஒரு பெட்டி தக்காளி. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கப்படாது. மொதல்ல அழுகுறது பழமா, நீயான்னு பாப்போம்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் வரமாட்டேன் என்றால் தீர்ந்தது. தக்காளி இல்லாத சந்தைக்கு யார் வருவார்கள்? குடிவந்தவர்களும் மூட்டை கட்டிவிடுவார்கள். அப்புறம் இந்த ஊரில் கோழிக்கூண்டு கட்டக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். இதை அந்தப் பெட்டிமேல் வைத்துத்தான் எழுதுகிறேன். மணி இரண்டு. மூன்று பழம் வெடித்துவிட்டது, எனக்கும் கண் இருட்டுகிறது, பயமாக இருக்கிறது மாமா. தப்பு செய்தவன் தானே போய் நிற்கக் கூடாது, தாய்மாமன்தான் பேச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வழக்கமான காணிக்கையாக ஒரு புட்டி ஜின்னோடு வந்து எனக்காக மன்னிப்புக் கேளுங்கள்.

முன்னோர்கள் உங்களுக்கு நீண்ட ஆயுளும், எனக்குச் சாயங்காலம் வரையிலாவது ஆயுளும் அருளட்டும்.

இப்படிக்கு,
நனைந்த சட்டையோடு,
பாஃபூர்

பின்குறிப்பு: வரவேண்டாம், மாமா. நாலு மணிக்கு அரசி என் கோலத்தைப் பார்த்து மனமிரங்கி, சுவரின் அடியில் கல்லைப் பெயர்க்கச் சொன்னார். முழங்கால் உயரத்தில் காற்று குபுகுபுவென்று வந்தது. "திங்கக்கெழம வந்துடுறோம்" என்றார். அழுதேவிட்டேன். இதை எழுதிக் கடிதத்தை மடிக்கப் போகும்போது துணி அரசியின் ஆள் வந்து நிற்கிறார். புதுக்காற்று கருவாட்டு வரிசை வழியாகத்தான் துணிக்கடைகளுக்குப் போகிறதாம். "கல்யாணத் துணியெல்லாம் கருவாடா நாறுது, படம் போட்டவன இழுத்துட்டு வா" என்று உத்தரவாம். உடனே புறப்படுங்கள். புட்டி இரண்டாக இருக்கட்டும்.