சப்பாத்தில் வரும் வைரஸ்

சொந்தத் தம்பியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் நல்ல மனிதனாக இருக்க முடியாது. நான் நல்ல மனிதன் இல்லை.

தம்பிக்குக் கொழும்பில் கொம்பியூட்டர் வேலை. என் மகள் தர்ஷிக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் "சித்தப்பாக்கிட்ட கேப்போம்" என்பாள். (மழை வருமா என்பதற்கும் சித்தப்பாதான். நாள் தவறாமல் மழை கொட்டும் வட்டவளையில் இருந்துகொண்டு இதையெல்லாம் கேட்க வேண்டுமா?) எனக்கு வயிறு எரியும். நானும் ஒரு காலத்தில் ஹட்டனுக்குப் போய்க் கொம்பியூட்டர் படித்தவன்தான்.

லிந்துலைப் பக்கம் ஓய்வுபெற்ற சிங்கள வாத்தியார் ஒருவர் பழைய கொம்பியூட்டர்களைச் சேர்த்து, வீட்டின் முன்னறையை நூதனசாலையாக்கியிருந்தார். கேள்விப்பட்டதும் தர்ஷியோடு கிளம்பிவிட்டேன். பழைய சாமான் என்றால் அங்கே தம்பியின் பருப்பு வேகாது.

வாசலிலேயே பாடத்தைத் தொடங்கினேன்.

"சப்பாத்தக் கழட்டும்மா. சப்பாத்தோட போனா கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்துரும்."

ஹட்டன் வகுப்பில் எங்கள் சேர் அப்படித்தான் சொல்லித்தந்தார். நாங்களும் கோயிலுக்குள் நுழைவதுபோல்தான் வகுப்புக்குள் நுழைவோம். உள்ளே மற்ற எல்லோரும் சப்பாத்தோடு நின்றார்கள். பாவம், படிக்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்தவன் என்று சொன்னதும் வாத்தியார் சந்தோஷமாக ஒரு கிழட்டு இயந்திரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னியது. படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் பெயரை அடித்தேன். பிழையான கட்டளை என்றது. (இனிஷியலோடும் அடித்துப் பார்த்தேன். அதுவும் பிழையாம்.)

தர்ஷி என் போனை வாங்கிச் சித்தப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அவன் அங்கிருந்தபடி மூன்று எழுத்துச் சொன்னான். இவள் தட்டினாள். திரை நிறைய எழுத்துகள் ஓடின. கூட்டம் கைதட்டியது. எனக்குக் கால் மட்டும்தான் குளிர்ந்தது, மற்றதெல்லாம் எரிந்தது.

வெளியே வந்தால் அடித்த மழையில் சப்பாத்துகள் நிறையத் தண்ணீர். தர்ஷி போனை அவற்றின் பக்கம் திருப்பி வைரஸ் கதையையும் சொல்லிவிட்டாள். தம்பி சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணேதான் என்னைய மொதமொதல்ல கொம்பியூட்டர் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போச்சு. நான் இன்னமும் ஆபீஸ்ல சப்பாத்தக் கழட்டிட்டுத்தான் ஒக்காருவேன்."

பாருங்கள், அதிலும் நல்ல பெயரை அவனே தட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் புதுப் போன் வாங்கினாலும், முதலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன மாதம் தம்பி தர்ஷிக்கு லெப்டொப் அனுப்பியிருந்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டேன்ப்பா. தொறக்கலாமா?"

முதல் தடவையாக, சித்தப்பாவிடம் கேட்கவில்லை.