நலவாழ்வு ஆண்டில் வாங்கிய பனிக்காலணிகள்

ஓர் ஊர் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் சாலைகளைப் பார்த்தோ பள்ளிகளைப் பார்த்தோ முடிவு செய்யக்கூடாது. அதன் தலைவர்கள் எவ்வளவு இளைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை, கியூபெக் மலையடிவாரத்தில் இருக்கும் செந்த்-ஒர்த்தான்ஸ் ஊரையே சேரும்.

அவ்வூர் மலை மீட்புக் குழுவின் தலைவர் லெயாந்த்ர் திபூத்தோ. மேப்பிள் பாகையும் பன்றி இறைச்சியையும் மனசார நேசித்தவர். நகரசபை 'நலவாழ்வு ஆண்டு' அறிவித்து, அதிகம் எடை குறைப்பவருக்கு வெண்கலக் கோப்பை என்றதும், முதல் ஆளாக மேடையேறி, "தொண்ணூறு பவுண்டு குறைத்துவிட்டேன்!" என்று முழங்கினார். கைதட்டல் கிடைத்தது, அடுத்த மாதமே மீட்புக் குழுவின் தலைவர் பதவியும் கிடைத்தது. குறைந்தது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய பெல்ட்டுக்கே அந்தச் செய்தி எட்டவில்லை.

குளிர்காலத்துக்கு முன் குழுவுக்குப் புதிய பனிக்காலணிகள் வாங்க சபை அனுமதித்தது. பூட்ஸுக்கு அடியில் முறம்போல் கட்டிக்கொள்ளும் இந்தச் சமாசாரத்தைக் கால் அளவு சொல்லி வாங்க முடியாது. ஆளின் எடையையும் முதுகுப் பையின் எடையையும் கூட்டிச் சொல்ல வேண்டும். பாரம் ஏற ஏறக் காலணியும் பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பனி ஆளை விழுங்கிவிடும். இது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தபடியெல்லாம் தலைவர்கள் நடக்க ஆரம்பித்தால் நிர்வாகம் என்ன ஆவது?

சனிக்கிழமை, பனிக்காலணி விற்கும் கெதெயோனின் கடையில் குழு கூடியது. கையுறை வாங்கும் சாக்கில் பாதி ஊரும் அங்கே நின்றது.

"பையோட சேர்த்து எடை எவ்வளவு, தலைவரே?" என்றார் கெதெயோன்.

லெயாந்த்ருக்கு வியர்த்தது. உண்மை இருநூற்றைம்பது, பை தனி. எதிரே நின்றதோ மேடைப் பேச்சைக் கேட்டுக் கைதட்டிய கூட்டம்.

"நூத்தி அறுபது."

"பையோடயா?"

"பையோடதான்."

கெதெயோன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எலும்பு ரொம்ப லேசு போல," என்றார் மரியாதையாக.

இனிதான் சிக்கல். தலைவரைவிடத் தாம் கனமானவர் என்று சொல்வது ஒழுங்கீனம் அல்லவா? துணைத்தலைவரான கசாப்புக்கடைக்காரர், எந்த வாசலிலும் பக்கவாட்டில் நுழைகிறவர், "நூத்தி அம்பது," என்றார். செயலாளர் இன்னும் பத்தைக் குறைத்தார். வரிசையின் கடைசியில் நின்ற தபால்காரர், பதவிக்கு ஏற்றபடி, பள்ளிக்கூடத்துப் பையனின் எடைக்கு இறங்க வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் 'இளையோர்' என்று அட்டை ஒட்டிய காலணியே வந்தது. அட்டையைத் தலைவர் தம் கையாலேயே கிழித்தார்.

பாக்கி இருந்தது மரியேல், தலைவரின் மனைவி, குழுவின் ஒரே பெண்.

"நான் நூத்தித் தொண்ணூறு. கோடரி, கயிறு, சூப்புப் பாத்திரம் எல்லாம் சேர்ந்தா இருநூத்தி இருபது. அதுக்குத் தோதா குடுங்க."

கையுறை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஊர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே!" என்று பல்லைக் கடித்தார் லெயாந்த்ர்.

"எடைதானே கேட்டாங்க. மானத்தையா கேட்டாங்க?"

மறுநாளே அவசரக் கூட்டம். 'நலவாழ்வு ஆண்டின் உணர்வுக்கு ஊறு விளைவித்த' மரியேல் மலையேற்றத்திலிருந்து 'விடுவிக்கப்பட்டு', சூப்புப் பிரிவின் பொறுப்பாளராக 'உயர்த்தப்பட்டார்'. தலைவர் உத்தரவில்லாமல் அப்பிரிவு அடிவாரத்தை விட்டு அசையக்கூடாது.

ஜனவரியில், மரியேலின் தம்பி ஃபபியேன் மலைமேல் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கைபேசியில் அழைத்தான். விடிய விடியப் பெய்த பனி பஞ்சுபோல் கிடந்தது.

"நான் போறேங்க. என் காலணி தாங்கும்."

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு. நீ சூப்பைப் பாரு," என்று சொல்லிவிட்டு லெயாந்த்ர் படையோடு கிளம்பினார்.

முதல் திருப்பத்தைத் தாண்டியதும் தலைவர் இடுப்புவரை இறங்கினார். தூக்கிவிட வந்த கசாப்புக்கடைக்காரர் நெஞ்சுவரை. பதறி ஓடிவந்த மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் புதைந்தார்கள். லெயாந்த்ருக்கு அப்போது நிஜமாகவே பயம் வந்தது. மேலே மச்சான் குளிரில் கிடக்கிறான். 'காலணி சின்னது, நீ வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாக்கி-டாக்கியை எடுத்தார்; வாயருகே கொண்டுபோனார்.

"நிலைமை கட்டுக்குள் இருக்கிறது," என்றார்.

அந்தச் சொல்லை நம்பி மரியேல் மூன்று மணி நேரம் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பிறகு நம்பிக்கை போய், சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு ஏறினாள்.

"என்னங்க இது?"

"முகாம் போட்டிருக்கோம்."

"இடுப்பு வரைக்குமா?"

"மரியேல், கையைக் குடு..."

"தம்பி மேல கிடக்கான். நீங்க முகாமைப் பார்த்துக்குங்க," என்று பனியின்மேல் நடந்துபோனாள்.

திரும்பும்போது வண்டியில் படுத்திருந்த ஃபபியேன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "யாருக்கா இவங்க? பாவம், காணாமப் போனவங்களா?"

"உன்னைத் தேட வந்தவங்கடா."

மார்ச்சில் நகரசபை மண்டபத்தில் பாராட்டு விழா. 'கடும் பனியிலும் நின்ற இடம் பிறழாத உறுதி'க்காக லெயாந்த்ருக்குப் பதக்கம். எடைக் குறைப்புக்காக வெண்கலக் கோப்பையும் மேசைமேல் தயாராக இருந்தது. மரியேலுக்கு, உத்தரவின்றி மேலேறியதற்குக் கண்டனம். நன்றி கூற மீட்கப்பட்டவரை அழைத்தார்கள். ஃபபியேன் ஊன்றுகோலோடு வந்து கோப்பையைக் கையில் எடுத்தான்.

"இது எனக்குச் சேர வேண்டியது மச்சான். கட்டுக்குள்ள இருக்குன்னு நீங்க சொன்ன அந்த மூணு மணி நேரத்துல, குளிர்ல விறைச்சு என் கால்ல ரெண்டு விரல் போச்சு. ஊர்ல வேற யாருக்கும் ஒரு பவுண்டுகூடக் குறையலையே!"