கோபத்துக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை

என் வீட்டில் கோபப்படும் உரிமையை மீட்டே தீருவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தேன்.

எனக்குச் சுகர் வந்தது அரைக்கால் சட்டை வயதில். அன்றிலிருந்து ஊசிதான். இத்தனை வருடம் கூடவே குடியிருந்தும் அதன் குணம் பிடிபடவில்லை. அதே இட்லி, அதே அளவு மருந்து. ஒரு நாள் மலை ஏறும், ஒரு நாள் பாதாளத்துக்குப் போகும். இறங்கினால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். இதை என் மனைவி கார்குழலி கண்டுபிடித்த அன்றோடு என் கதை முடிந்தது. நான் எதற்குக் குரலை உயர்த்தினாலும் ஒரே மருந்து.

“கொழாய்ல தண்ணி வரலன்னு போர்டு ஆபீஸ்ல சொன்னியா இல்லியா?” என்பேன்.

“சுகர் எறங்கிடுச்சா? ஆ காட்டு.”

வாயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை. சண்டை சப்பென்று முடிந்துவிடும்.

போன மாதம் எண்ணூர் நெடுஞ்சாலையில் நிஜமாகவே இறங்கியது. இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் டி.வி.எஸ். வண்டியோடு சரிந்தேன். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பக்கத்து வீட்டு அத்தாவுல்லா பாய்தான் தூக்கி வந்தார். அன்றே வண்டிச் சாவி மாயம், கார்குழலியின் வேலை. வேலை பார்க்கும் பட்டறைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன். சாவி இல்லாத ஆண்பிள்ளையை எங்கள் எம்.கே.பி. நகரில் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே சுகர் பார்க்கும் மெஷின் வாங்கினேன். ஊசியைப் போட்டுக்கொண்டு, விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்று நாற்பது. அருமையான நம்பர். மெஷினும் கையுமாக அடுப்பங்கரைக்குப் போனேன்.

“பாரு! நூத்தி நாப்பது. இது சொந்தக் கோவம். சாவி எங்க?”

“இட்லி ஆயிடுச்சி. துன்னுட்டுப் பேசு.”

“சாவி கைக்கு வராம இந்த வூட்ல ஒரு வாய் துன்ன மாட்டேன்!”

“யோவ், ஊசி போட்டுக்கினியா?”

“பேச்ச மாத்தாத!”

ஊசி போட்டவன் உண்ணாவிரதம் இருக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா? ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அவள் தட்டை நீட்டினாள், தள்ளினேன். மறுபடி நீட்டினாள், மறுபடி தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் வேர்வையில் சட்டை நனைந்தது. கார்குழலி எனக்கு இரண்டு பேராகத் தெரிந்தாள். இரண்டு பேரும் சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்து, அள்ளி வாயில் திணித்தார்கள். பல்லில் ‘ணங்’கென்று இடித்தது. ஸ்பூனில், சர்க்கரைக்கு நடுவில், என் சாவி!

அப்புறம் எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது என் தலையை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு தபாவும் பாய் வருவாராய்யா? ரோட்ல வுழுந்து செத்தீன்னா நா எங்க போவேன்?”

இவளைத் தனியாக விட்டுப் போய்விடுவேனோ என்ற பயம் எனக்கும் உண்டு, வாய்விட்டுச் சொன்னதில்லை. இருந்தாலும் சாவி சாவிதானே?

“சாவி சக்கர டப்பால கீது. கண்ணால பாத்தேன்.”

“போன தபா எறங்கினப்போ உங்கம்மா வந்து தலையத் தடவுனாங்கன்ன. அவங்க செத்து எத்தினி வருசமாவுது?”

டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினேன். வெறும் சர்க்கரை. இந்த வியாதியில் இதுதான் கொடுமை. உடம்பு போனால் போகட்டும், சொந்தக் கண்ணையே சாட்சிக்குக் கூப்பிட முடியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொழுதுக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை பல் விளக்கும்போது நாக்கில் ஏதோ குத்தியது. கண்ணாடியில் பார்த்தேன். முன்பல்லில் ஒரு மூலையைக் காணோம்! சர்க்கரை தின்று பல் உடைந்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

“அடியே குழலி! இந்தா சாட்சி! சாவி பட்டுதான ஒடஞ்சிது? இப்ப சொல்லு!” என்று கத்திக்கொண்டே போய், அவள் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து காட்டினேன்.

அவள் அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டாள்.