இன்னும் ஏழு நாள்

தொட்டியில் எட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பொதுப்பணித்துறைப் பொறியாளர் இந்திராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எட்டுதான்.

ஏரிக்கரையின் வெளிப்புற அடிவாரத்தில், ஏரி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அவளுடைய கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது அந்த இரும்புத் தொட்டி. அதில் வற்றுவதை வைத்துத்தான் ஏரியில் வெயில் குடித்ததைக் கணக்கிட வேண்டும். அந்த நஷ்டத்தை மேல்மடை விவசாயிகள், கீழ்மடை விவசாயிகள், புதிதாக வந்த தொழிற்சாலை என மூன்று தரப்பும் பங்கு போட்டுக் கையெழுத்திட்டால்தான் மதகு திறக்கும். ஏரியில் இருந்தது ஒரு சாண் தண்ணீர். வயலில் நெல் பால் பிடிக்கிற நேரம்.

"எட்டா? காக்கா வந்து குளிச்சிட்டுப் போவுது. அத்தயும் எங்க தலையில கட்டுவியா?" என்றார் கீழ்மடைத் தலைவர் அண்ணாதுரை. ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் வைத்திருப்பவர். அங்கிருந்து நேராக ஜீப்பில் வந்திருந்தார்.

இந்திராணி கம்பிவலை போட்டாள். புதிதாக ஏழு நாள் அளவு.

"வலை நெழல் வுடுதே! இது இன்னா கணக்கு?" என்றார் மேல்மடைக் கண்ணப்பன். டவுனில் ரைஸ் மில் அவருக்கு.

வலையை எடுத்துவிட்டுச் சுற்றிலும் முள்வேலி கட்டினாள். இன்னும் ஏழு நாள்.

"வேலி காத்தை மறைக்குது மேடம்," என்றார் தொழிற்சாலை சீனிவாசன்.

வேலியைப் பத்தடி தள்ளி நட்டாள். இன்னும் ஏழு நாள்.

கீழ்மடையில் அரைக்காணி பயிர் வைத்திருந்த ஞானம்மா தினமும் வந்து நின்றாள். "கதிரு பதராப் பூடும்மா. தண்ணிய வுடும்மா."

"ஏழே நாள்தாம்மா."

வீட்டில் எல்லோருக்கும் சமமாகப் பரிமாறிவிட்டு, பாத்திரத்தின் அடியைப் பார்த்து நிற்பவள் இந்திராணி. தனக்குக் குறைந்ததை யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒரு பங்கீட்டையாவது யாரும் குறை சொல்லாமல் முடித்துவிட வேண்டும். கனவிலும் தொட்டிதான் வந்தது.

தினமும் அளவெடுத்ததும் ஏரியில் மொண்டுவந்து தொட்டியைக் கோடு வரை நிரப்புவது மதகுக் காவலர் எல்லப்பனின் வேலை. அவரும் குடத்தோடு வந்து தலையைச் சொறிவார்.

"அம்மா, தண்ணி விசயமா ஒண்ணு..."

"அப்புறம் எல்லப்பன். முதல்ல கோடு வரைக்கும் ரொப்புங்க. சிந்தாதீங்க!"

நாலாவது வாரம் ஞானம்மா வரவில்லை. ஒருவழியாகப் பொறுமை வந்துவிட்டது என்று இந்திராணி நினைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை கொட்டகையிலேயே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எல்லப்பன்! போய் மதகைத் திறங்க!"

எல்லப்பன் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஏரில ஏதும்மா தண்ணி? எட்டு நாளா இந்தத் தொட்டிக்கே அடிபம்புலதான் அடிச்சாந்து ஊத்திக்கினு கீறேன்."