கர்த்தர் வருகைக்கு முன்னால ஒண்ணாங்கிளாஸ்

இனிமேல் இந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை என்று எங்க வீட்டுக்காரர் தீர்மானம் எடுத்தது எண்பதாம் வருஷம் ஏப்ரல் மாசம். ஏன் என்று கேட்டேன். உலகம் முடியப்போகுது என்றார். எப்போ என்று கேட்டேன். அடுத்த வருஷம் என்றார். சரி, அதுக்குள்ள குளிச்சிட்டு வாங்க, சோறு ஆறுது என்றேன். எங்க வீட்டில் பெரிய பேச்செல்லாம் இப்படித்தான் முடியும்.

நான் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமான புதுசில் இவரிடம் தண்ணி வேணுமா என்று கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் செம்பை டொக்கென்று வைத்துவிட்டு ஓடிவிடுவேன். இந்த மலையாள ஊர் மட்டாஞ்சேரிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் அடுத்த வீட்டு அம்மிணி சேச்சியைத் தவிர யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினதில்லை. அதனால் அந்த மே மாசம் நடந்ததுக்கெல்லாம் நான்தான் காரணம் என்று சிலர் சொல்வது எனக்கே ஆச்சரியம். நான் கேட்டது நாலைந்து கேள்வி. அதையும் சோறு போடும்போதுதான் கேட்டேன்.

நாங்கள் தமிழ்நாட்டில் நாசரேத்துப் பக்கம். இவர் இங்கே மிளகுக் கிட்டங்கியில் மேஸ்திரி. பரம்பரையாகக் கோயிலுக்குப் போகிற குடும்பம். எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். இங்கேயும் தமிழ் ஆராதனை, ஐயர், கிறிஸ்துமசுக்கு கேக் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில்தான் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிற ராசப்பன் பிரதர் இவரைப் பிடித்துத் தன் சபைக்குக் கூட்டிப்போனார். வெள்ளிக்கிழமை உபவாசம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கு ஞானஸ்நானம். திங்கட்கிழமை எங்க வீட்டுச் சுவரில் ஒரு படம்.

படம் என்றால் நாலு முழத் துணி. ஆதாம் முதல் நித்தியம் வரை ஏழு காலம், ஏழு வட்டம். நடுவில் அம்புக்குறிகள் மேலேயும் கீழேயும் போய்வந்தன. நான் அரைமணி நேரம் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

"ஏட்டி, படகுத்துறையில போட்டு வருதுல்லா? அது மாதிரின்னு வையி" என்று விளக்கினார் இவர். "எக்காளம் ஊதும். முதல் போட்டு வரும். விசுவாசிகளை மட்டும் ஏத்திக்கிட்டு மேல போயிரும். அப்புறம் கீழ ஏழு வருஷம் உபத்திரவகாலம். அந்திக்கிறிஸ்து ஆட்சி. அவன் முத்திரை இல்லாம அரிசி வாங்க முடியாது. ஏழு வருஷம் முடிஞ்சு கர்த்தர் எங்களோட திரும்பி வருவாரு. அப்புறம் ஆயிர வருஷ அரசாட்சி."

"அடுத்த வருஷம்னு எப்படித் தெரியும்?"

"நாப்பத்தெட்டுல யூதருக்கு நாடு கிடைச்சது. ஒரு தலைமுறை நாப்பது வருஷம். எண்பத்தெட்டு. அதுல உபத்திரவம் ஏழு வருஷத்தைக் கழி. எண்பத்தொண்ணு."

"யாரு கழிச்சா?"

"ராசப்பன் பிரதர்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மிணி சேச்சியின் தலை எட்டிப் பார்த்தது. சேச்சி மலையாளத்துப் பழைய சிரியன் சபைக்காரி. பயம் என்பது கிடையாது.

"மேஸ்திரீ, தம்புரான் ஒரு தடவைதான் வரும். ரெண்டு ட்ரிப் எங்க சர்ச்சுல கேட்டதே இல்லை. அந்திக்கிறிஸ்து வந்தா எல்லாரும் சேர்ந்துதான் கஷ்டப்படணும். நீங்க மட்டும் நேரத்தே, முன்கூட்டியே போறதாக்கும்?"

"சேச்சிக்கு வேதம் தெரியாது."

"வேதம் தெரியாட்டாலும் போட்டு தெரியும். நேரத்தே போற போட்டு நடுக்காயல்ல நிக்கும்."

இவர் கதவைச் சாத்திவிட்டார்.

அன்றிலிருந்து எங்க வீட்டில் எல்லா வேலையும் நின்றுபோனது. அடுக்களை ஓடு உடைந்து ஒழுகியது. மாத்துங்க என்றேன். ஓட்டை இருந்தா மேல போறதுக்கு வசதிதானே என்றார். மாமியார் ஊரிலிருந்து தென்னங்கன்று கொடுத்துவிட்டாள். காய்க்க ஏழு வருஷம் ஆகும், அந்திக்கிறிஸ்துவுக்கு எதுக்கு இளநீர் என்று அதை அம்மிணி சேச்சிக்கே கொடுத்துவிட்டார். ஆனால் மீன் துண்டு சின்னதாக இருந்தால் மட்டும் கோபம் வரும். அதுக்கு எண்பத்தொண்ணு வரைக்கும் பொறுக்க மாட்டார்.

கிட்டங்கியிலிருந்து வரும்போது யூதத்தெரு வழியாகச் சுற்றித்தான் வருவார். எந்த வீடு பூட்டியிருக்கிறது, யார் இஸ்ரவேலுக்குப் போய்விட்டார் என்று பார்த்து வருவார். கடைசி ஆள் புறப்பட்டால் எக்காளமாம். ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏட்டி! ஜெபம் பண்ணு! மூணாவது வீட்டுத் தாத்தாவும் பூட்டிக்கிட்டுப் போயிட்டாரு! வேதத்துல சொன்ன அத்திமரம் துளிர்த்தாச்சு!"

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மிணி சேச்சி எட்டிப் பார்த்தாள்.

"எந்தாணு அழுகை? அந்தத் தாத்தா எறணாகுளத்துக்குப் பல்லு கட்டப் போயிருக்கு. சாயங்காலம் வரும்."

சாயங்காலம் வந்துவிட்டார். பல் நன்றாகத்தான் இருந்தது. இவர் ரெண்டு நாள் அந்தத் தெரு வழியாக வரவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஒழுகுகிற இடத்தில் பானை வைத்தால் ஆச்சு. ஆனால் எங்க ஜெபமணிக்கு அஞ்சு வயசு முடிந்தது.

நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது தம்பி பிறந்தான். பிள்ளை பார்க்க ஆள் இல்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். தமிழ் வாசிப்பேன். மலையாளப் போர்டும் தெரியாது, இங்கிலீஷ் போர்டும் தெரியாது. பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து ஏறுவேன். அப்படித்தான் ஒருதரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி திருப்பூணித்துறை போய்ச் சேர்ந்தேன். என் பிள்ளை யாருடைய முதுகையும் பார்த்து பஸ் ஏறக்கூடாது. எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில்தான். அந்த வெள்ளிக்கிழமைதான் சேர்க்கிறதுக்குக் கடைசி. அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"பள்ளிக்கூடமா?" என்று சிரித்தார் இவர். "ஜூன்ல சேர்த்து, ஆனா ஆவன்னா முடிக்கிறதுக்குள்ள எக்காளம் ஊதிரும். எதுக்கு ஏட்டி?"

ஐயரிடம் சொல்லி அழுதேன். அழுதேன் என்றால், சேச்சி பேசினாள், நான் பக்கத்தில் நின்றேன். ஐயர் வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னார். ஆயிரம் வருஷம் என்பது கணக்குப் போடுகிற வருஷம் இல்லை, ஆபிரகாமோடு தேவன் பண்ணின உடன்படிக்கை இப்போ சபைக்குத்தான், நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், அதனால்தான் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்றார். இவர் துணிப்படத்தைக் காட்டி, சபை வேற, இஸ்ரவேல் வேற, அந்த உடன்படிக்கை அவங்களுக்கு, நீங்க தெளிச்ச தண்ணி சும்மா தண்ணி என்றார். ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் பேசினார்கள். நான் மூணு தடவை சாயா போட்டேன். பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

புதன்கிழமை சாயங்காலம். மத்தி பொரித்திருந்தேன். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"எக்காளம் ஊதும்போது நீங்க போயிருவீங்கல்லா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"நான்?"

வாய் மெல்லுவது நின்றது. "நீ இன்னும் முழுக்கு எடுக்கலியே ஏட்டி. உனக்கு நெத்தியில நாலு சொட்டுதானே."

"அப்போ நான் நிப்பேன்."

"எனக்கும் வருத்தம்தான். இன்னொரு மீன் வையி."

வைத்தேன். "ஜெபமணி?"

"சின்னப்பிள்ளைங்க வந்துரும். நன்மை தீமை தெரியாத வயசுல்லா."

அந்த நேரம் பார்த்து ஜெபமணி அடுக்களையிலிருந்து வந்தாள். மூக்கு வரைக்கும் வெல்லம்.

"வெல்லத்தை யாரு எடுத்தா?" என்றார் இவர்.

"பூனை."

"பூனை எப்படி டப்பாவைத் திறக்கும்?"

"நான் திறந்து குடுத்தேன்."

"பொய் சொல்றது தப்பில்லியா?"

"எடுத்தது தப்பு. அதான் பூனைன்னு சொன்னேன்."

இவர் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

"நன்மை தீமை நல்லாத் தெரியுது" என்றேன்.

"ம்."

"ஐயர் சொன்ன உடன்படிக்கையில பிள்ளையும் உண்டு. அதை நீங்க இல்லேன்னுட்டீங்க."

"அது இஸ்ரவேலுக்கு!"

"சரி. அப்போ நானும் பிள்ளையும் கீழ ஏழு வருஷம்."

"ம்ம்."

"அந்திக்கிறிஸ்து முத்திரை போடுவான். அதுல எழுதியிருக்கறது தமிழ்ல இருக்குமா?"

"தமிழ்லயா? அவன் எதுக்குத் தமிழ்ல எழுதறான்?"

"எனக்கு வேற எழுத்து தெரியாதே. ரேஷன் கடையில ஒருத்தன் காகிதத்தை நீட்டி, இங்கே கைநாட்டு வையின்னா வச்சிருவேன். நெத்தியைக் காட்டுன்னா காட்டிருவேன். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க மேல விருந்துல இருப்பீங்க. நானும் பிள்ளையும் மூணு கிலோ அரிசிக்கு நரகத்துக்குப் போயிருவோம். அவளாவது வாசிச்சா, 'அம்மா, இதுல கை வைக்காத'ன்னு சொல்லுவா."

கேலிக்குச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்து கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ரெண்டாவது மத்தி அப்படியே கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவர் இலையில் மீன் மிஞ்சி நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். விரலால் அம்புக்குறி வழியே போனார், வந்தார். மத்தியானம் முகம் மலர்ந்து எழுந்தார்.

"ஏட்டி! வழி இருக்கு! வர்ற ஞாயித்துக்கிழமை நீ முழுக்கு எடுத்திரு. நீயும் என்னோட வந்துரலாம். பள்ளிக்கூடம் வேண்டாம்!"

"எடுக்கறேன்" என்றேன். எனக்குத் தண்ணி என்றால் பயம். அவ்வளவு பேர் முன்னால் நனைந்து நிற்பதை நினைத்தாலே காய்ச்சல் வரும். ஆனாலும் எடுக்கிறேன் என்றேன். "பிள்ளை தனியா நிப்பாளே. அவளுக்கும் குடுத்திருவீங்களா?"

"அது எப்படி? சின்னப்பிள்ளைக்குக் குடுத்தா ஐயர் குடுத்த மாதிரி ஆயிரும். அவ தானா வேதத்தை அறிஞ்சு விசுவாசிக்கணும்."

"வேதத்தை எப்படி அறியறது?"

"வாசிச்சு."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்து அரிசியில் கல் பொறுக்கினேன். அந்த அரிசியில் கல்லே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரே மழை. ஜெபமணிக்குத் தலைவாரி, பவுடர் போட்டு அனுப்பினேன். இவர் குடையை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு போனார். ராசப்பன் பிரதர் பார்த்துவிடக்கூடாதே என்று பயம்.

மத்தியானம் திரும்பி வந்தார். பிள்ளை காய்ந்திருந்தது. இவர் முழுக்க நனைந்திருந்தார்.

"சீட்டு?"

"கிடைச்சுது."

துண்டை எடுத்து நீட்டினேன். இவர் துண்டை வாங்கித் தலையைத் துவட்டாமலே நின்றார்.

"ஏட்டி, வரிசையில எனக்கு முன்னால நின்னது யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"ராசப்பன் பிரதர். ரெண்டு பிள்ளைங்களோட. அவருக்கு முன்னால பாட்டுக்காரப் பிரதர். அதுக்கும் முன்னால ஜெபக்குழு மொத்தமும். எங்க சபையில பாதி அங்கதான் நின்னுது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. எல்லாருடைய வீட்டிலயும் நேத்துலருந்து முத்திரை எந்த எழுத்துல இருக்கும்னு கேள்வியாம். நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"நானா?" என்றேன். "நேத்து பைப்படியில தண்ணி பிடிக்கையில ராசப்பன் பிரதர் சம்சாரம்கிட்ட மட்டும் மெதுவாக் கேட்டேன். அவங்களுக்குத் தெரியுமோன்னு."

இவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"வேற என்ன?" என்று நானாகவே கேட்டேன்.

"பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாங்க. பெத்தவங்க கமிட்டிக்கு ஒரு தமிழ் ஆளு வேணுமாம். ராசப்பன் பிரதர் என்னைக் கை காட்டிட்டாரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நல்லதுதானே. எத்தனை வருஷத்துக்கு?"

இவர் தரையைப் பார்த்துச் சொன்னார்:

"எண்பத்தி மூணு வரைக்கும்."